ஓவியத்தோடு பேரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அடிக்கடி சுற்றி வரும். வாசல் வழியே வந்த வெயில் பாதி முகத்தில் விழ, தாவணி போட்ட ஒரு பெண். போட்டோ என்றுதான் நினைத்திருந்தேன். மூலையில் இருந்த கையெழுத்தை யாரோ வெட்டிவிட்டு 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தார்கள். அது ஓவியம், வரைந்தவர் இளையராஜா (இசையமைப்பாளர் இல்லை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்) என்று எனக்குத் தெரிந்ததே 2021 ஜூனில் அவர் கொரோனாவில் இறந்துபோன செய்தி வந்தபோதுதான். வெட்கமாக இருந்தது.

சரி, இருப்பவர்களையாவது தெரிந்துகொள்வோம் என்று இன்ஸ்டாகிராமில் தேடினேன். அதுவாகக் காட்டுவதை நம்பினால் நடிகர் முகத்தைப் பென்சிலில் வரையும் ரீல்ஸ்தான் வரிசையாக வருகிறது. அப்புறம்தான் பிடிபட்டது, ஒரு ஓவியர் கிடைத்தால் அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பார்க்க வேண்டும், அதில் நம்மை ஏமாற்றாத ஆட்கள் இருப்பார்கள். சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரைந்தவர்கள், சாம்பிராணியிலும் விதைகளிலும் சிற்பம் செய்யும் பெனிதா பெர்சியாள் என்று ஒருவரைத் தொட்டு இன்னொருவர்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிறு இணைப்பில் கதைக்கு வரைபவரின் பெயரை எறும்பு அளவில் போடுகிறீர்கள், சில வாரம் அதுவும் இல்லை. அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கையும் சேர்த்துப் போட ஒரு வரி இடம் போதும். போன வாரக் கதைக்கு வரைந்தவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்