தாத்தாவைப் பற்றி யாரும் பேசவில்லையா?

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் லண்டன் வாசகர் வட்டத்தில் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் 'தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்' நாவலைப் பேச எடுத்துக்கொண்டீர்கள். தாத்தாவோடு ஊர் ஊராக அலையும் லிட்டில் நெல் என்கிற அந்தச் சிறுமி சாகும் இடத்தில் பாதிப்பேர் அழுததாகச் சொன்னார்கள், பாதிப்பேர் சிரித்தார்கள். ஒருவர் அந்தப் பத்தியை நாடகக் குரலில் வாசித்துக் காட்டினார். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாய். "இனிமே அங்க போகமாட்டேம்ப்பா" என்றாய். அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உன் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒன்றை நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரிப்பை வகுப்பறையில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சாவைச் சிரிக்காமல் படிக்கக் கல்நெஞ்சம் வேண்டும் என்று எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் அதைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். பிறகு நானும் வேலைக்கு வந்து, வருஷாவருஷம் அதையே சொன்னேன். ஒவ்வொரு வகுப்பும் சிரித்தது.

ஒரு வருஷம் மட்டும் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், அந்தத் தாத்தா அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டான். "அவரும் இறந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். பரீட்சைக்கு அது வராது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எனக்குப் போன மாசம்தான் கிடைத்தது. நீங்கள் அந்த நாவலை எடுத்திருக்கிறீர்கள் என்று நீ சொன்ன அன்று ராத்திரி, அலமாரியிலிருந்து எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

இந்தச் சண்டை உங்கள் வட்டத்தில் தொடங்கியதில்லை. 1840 ஏப்ரலிலிருந்து 1841 பிப்ரவரி வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. முடியும் சமயத்தில் வாரத்துக்கு ஒரு லட்சம் பிரதிகள் போயின. அந்தப் பெண்ணைக் கொன்றுவிடாதீர்கள் என்று டிக்கன்ஸுக்கு வாசகர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். அயர்லாந்தின் பெரிய தலைவர் டேனியல் ஓ'கானல் ரயிலில் படித்துக்கொண்டு போகும்போது, அவள் செத்துவிட்டாள் என்றதும் அழுதுகொண்டே புத்தகத்தை ஜன்னல் வழியாக வீசி எறிந்தார் என்று சொல்வார்கள். எடின்பரோவில் நீதிபதியாகவும் கறாரான விமர்சகராகவும் இருந்த பிரான்சிஸ் ஜெஃப்ரி தேம்பி அழுததாகவும் ஒரு கதை உண்டு. பிறகு காலம் மாறியது. 1930இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி என்கிற ஆங்கில எழுத்தாளர், உணர்ச்சி பொங்கும் இடங்களில் டிக்கன்ஸ் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார், இது ரசக்குறைவு என்று எழுதினார்.

இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒருவரைத்தான் எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது. மெக்ரெடி என்று ஒரு பெரிய நாடக நடிகர், டிக்கன்ஸின் நெருங்கிய சிநேகிதர். 1840 நவம்பரில் அவருடைய மூன்று வயது மகள் இறந்துபோனாள். கதையில் வரும் அந்தச் சிறுமியையாவது விட்டுவிடு என்று அவர் டிக்கன்ஸிடம் கெஞ்சினார். இரண்டு மாதம் கழித்து அவள் சாகும் அத்தியாயங்களைப் படித்த இரவில், அச்சில் வந்த எதுவும் தனக்கு இவ்வளவு வலி தந்ததில்லை, கொஞ்ச நேரம் அழக்கூட முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். உங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார் என்றாயே, அவரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

டிக்கன்ஸும் அதைச் சும்மா எழுதிவிடவில்லை பாப்பா. அவர் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த், 17 வயது, அவர்களோடுதான் டவுட்டி தெரு 48ஆம் எண் வீட்டில் இருந்தாள். 1837 மே 6ஆம் தேதி ராத்திரி எல்லோரும் நாடகம் பார்த்துவிட்டு வந்தார்கள். மாடிக்குப் போனவளுக்குத் திடீரென்று முடியாமல் போனது. மறுநாள் பிற்பகல் டிக்கன்ஸின் கைகளிலேயே உயிர் போய்விட்டது. அவருக்கு அப்போது 25 வயது. அவள் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தன் விரலில் போட்டுக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த இரண்டு தொடர்களும் அந்த மாதம் வரவில்லை. கென்சல் கிரீன் கல்லறையில் அவளுக்குக் கல்லெழுத்து எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். தானும் அதே குழியில் படுக்க வேண்டும் என்று இடம் வைத்திருந்தார். 1841 அக்டோபரில் அவளுடைய தம்பியும் இறந்துபோக, அந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவளை இரண்டாவது முறை இழப்பது போல இருக்கிறது என்று அப்போது கடிதம் எழுதினார். நாவலின் கடைசிப் பகுதியை எழுதிய குளிர்கால ராத்திரிகளிலும் மேரி நேற்றுத்தான் செத்தது போல அவருக்கு இருந்தது. டவுட்டி தெரு வீடு இப்போது அருங்காட்சியகம். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

சரி, சிரிக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. கோபமோ பிடிவாதமோ இல்லாத ஒரு தேவதையாக அந்தச் சிறுமியை ஆக்கிவிட்டார். செத்துக் கிடக்கும்போதும் எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் அந்தப் படுக்கை தெரியும். அந்தப் பத்திகள் உரைநடையாக எழுதப்பட்ட செய்யுள்தான் என்று ஆர். ஹெச். ஹோர்ன் என்கிற எழுத்தாளர் 1844இலேயே கண்டுபிடித்து, வரி வரியாகப் பிரித்து அச்சிட்டே காட்டினார். பிற்பாடு அதையே குறையாகச் சொன்னார்கள். நம் ஊர்க்காரனுக்கு இது புரியாதா? உன் ஆச்சி செத்த அன்று முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த பெண்கள், தங்கமே, தாழம்பூவே, தெய்வமே என்று அடுக்கினார்கள். ஆச்சி வாயைத் திறந்தால் எப்படித் திட்டுவாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் இது மிகை என்று சொல்லவில்லை. அழுகிற நேரத்தில் பாட்டு அப்படித்தான் வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அழுதவர்கள், சிரித்தவர்கள் எல்லோரும் படுக்கையில் கிடக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் முப்பது வருஷம் அங்கேதான் பார்த்தேன். அவள் சாவதை டிக்கன்ஸ் காட்டவே இல்லை. பனியில் அவளையும் தாத்தாவையும் தேடி வருகிறவர்கள் அந்த வீட்டை அடையும்போது, அவள் போய் இரண்டு நாளாகிவிட்டது. நாம் முதலில் பார்ப்பது கணப்படுப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அவளுடைய தாத்தாவைத்தான். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்து, அந்தப் பிள்ளையைத் தெருத்தெருவாக நடக்கவைத்த மனுஷன். அவள் தூங்குகிறாள், சத்தம் போடாதீர்கள் என்கிறார். அவளுடைய உடுப்பை எடுத்துத் தடவிக்கொண்டே இருக்கிறார். பிறகு அவளுடைய செருப்புகளைக் காட்டுகிறார். பார், எப்படித் தேய்ந்திருக்கின்றன, நாங்கள் போன அந்த நீண்ட பயணத்தின் நினைவாக அவளே எடுத்து வைத்திருந்தாள் என்கிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள், அத்தை அம்மாவின் சேலைகளையெல்லாம் மடித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பை எடுக்கப் போனபோது மட்டும் சத்தம் போட்டுவிட்டேன். நான் அப்படிக் கத்தி அத்தை பார்த்ததில்லை. முட்டுவலி வந்த பிறகு அம்மா வலது காலை ஒருச்சாய்த்து வைத்து நடப்பாள் இல்லையா, அந்தச் செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. காலையில் வாசல் தெளிக்க வருகிற பெண், நான் கேட்காமலே அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தெளித்து முடித்ததும் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

தாத்தா என்ன ஆனார் என்று அந்தப் பையன் கேட்டானே. அவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஒருநாள் காலையில் எழுந்து, மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு, கைத்தடியையும் அவளுடைய வைக்கோல் தொப்பியையும் சின்னக் கூடையையும் எடுத்துக்கொண்டு, புறப்படத் தயாராகக் கல்லறைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். இருட்டியதும் எழுந்து, அவள் நாளைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார். மறுநாளும் போகிறார். அப்படியே போய்ப் போய், வசந்த காலத்தில் ஒருநாள் அந்தக் கல்லின் மேலேயே கிடக்கிறார். இந்தப் பக்கங்களில் அலங்காரம் அவ்வளவாக இல்லை. அந்தக் கூடையைப் பார்த்து யாராலும் சிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் நீ அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சிரித்தவர்களை மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் யார் போனார்கள், எப்போது போனார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் சிரித்த காலத்தில் என் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நாடகக் குரலில் வாசித்தாரே, அவரிடமே தாத்தா கல்லறைக்குப் போகும் அந்தப் பத்தியையும் வாசிக்கச் சொல். என்ன ஆனது என்று எனக்கு எழுது. பாதியில் மூடி வைத்த அம்மாவிடம் மட்டும் எதுவும் கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்துகொள், போதும்.

இங்கே மழை நின்றுவிட்டது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் தவறுவதில்லை. நீ வரும்போது அந்தச் செருப்பை என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாலும் சரி, கொடுத்துவிடச் சொன்னாலும் சரி. அதுவரை வாசலிலேயே கிடக்கட்டும்.

அன்புடன்,
அப்பா