பிடிக்காத தலைவருக்காக ஒரு ஜெபம்

அயனாவரம், சென்னை

அன்புள்ள டேனியல்,

ஸ்தோத்திரம். மதினிக்கு சுகர் கட்டுக்குள் வந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே மெட்ரோ வேலைக்காக ரோட்டைச் சுற்றி விட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் போகவே அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கிறது.

"அந்த ஆளுக்காக எப்படிடா ஜெபிப்பது?" என்று கேட்டிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். போன ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கர்த்தாவே, எங்கள் தலைவரின் கண்களைத் திறந்தருளும், அவர் ஆணவத்தை அடக்கும்" என்று உருகினார். பெயர் சொல்லவில்லை, யாரென்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்சிக்காரர் ஒருவர் பின்வரிசையில் ஆமென் சொல்லாமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். (நானும் கண்ணை மூடவில்லை.) என்னைக் கேட்டால், அது கண்ணை மூடிக்கொண்டு பேசிய மேடைப் பேச்சு.

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, சபை மரபின் கணக்குப்படி அப்போது ரோமில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய நீரோ ஆட்சி. பைபிளில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களிடம், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம் பண்ணச் சொல்கிறார் கர்த்தர். அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் இருக்கும் என்று காரணமும் சொல்லிவிடுகிறார்.

அதனால் நான் இப்போது என் பிள்ளைகளுக்குக் கேட்பதையே அந்தத் தலைவருக்கும் கேட்கிறேன். நல்ல தூக்கம், உடம்புக்கு சுகம், உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் இரண்டு பேர் பக்கத்தில். மூன்றாவதைக் கேட்கும்போது கொஞ்சம் குத்தல் கலந்துவிடுகிறது, என்ன செய்ய!

ஜெபித்தால் எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம், கேள்வியும் கேட்கலாம். 1999-இல் ஒடிசாவின் மனோகர்பூரில் தன் கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்தவர்களை மன்னித்ததாக கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. 2003-இல் கோர்ட்டு தண்டனையும் கொடுத்தது. அவரோ பாரிபதாவில் தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். நம் வாட்ஸப் சண்டையை அதன் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னை ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்வதாக இருக்கிறேன். இரண்டு பக்கமும் முறைப்பார்கள், பார்க்கலாம்.

அப்புறம், கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். எழும்பூருக்கு நானே வருகிறேன். கருப்பட்டி மறந்துவிடாதே.

அன்புடன்,
செல்வராஜ்