நெறிகட்டியில் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, பாப் ஸ்மியர் என்கிற கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை பற்றியெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நெறிகட்டிகளில், அதாவது நிணநீர்க்கணுக்களில், நோய் திரும்பினால் வலியைக் குறைப்பது தவிர வழியில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு.

கட்டி பெரிதாக இருந்தால் முதல் தடவை வழக்கமாக ஐந்து வாரம் வெளியிலிருந்து 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்து, பிறகு கர்ப்பப்பைவாய்க்கு உள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. இது பெரும்பாலும் இடுப்போடு நின்றுவிடும். ஓரிரு ஆண்டு கழித்து வயிற்றின் பின்புறம் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கணுக்களில் மட்டும் நோய் தலைகாட்டினால், அது பெரும்பாலும் அதுவரை கதிர்வீச்சே படாத இடம். வேறெங்கும் பரவவில்லை என்று, நோய் இருக்கும் இடத்தை மின்னவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் தெரிந்தால், நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடேயே அங்கே முழு அளவில் கொடுக்கலாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட் ஸ்கேனில் மின்னுவதெல்லாம் புற்றும் அல்ல. காசநோய்க் கட்டியும் அப்படியே மின்னும். நம் நாட்டில் அது குறைவா என்ன? முடிந்தவரை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்வது நல்லது.

சிக்கல், பழைய இடத்துக்குள்ளேயே திரும்பி வரும்போதுதான். குடலும் மூத்திரப்பையும் ஏற்கெனவே ஒரு சுற்று வாங்கியிருக்கும். இன்னொரு தடவை அதே அளவு கொடுத்தால் குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. அதனால் இப்போது கட்டி சிறியதாக இருந்தால் ஸ்டீரியோடாக்டிக் என்கிற துல்லியக் கதிர்வீச்சு முறையைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து தடவைதான். ஒவ்வொரு தடவையும் அளவு அதிகம், குறி சிறியது. நோயாளியைப் படுக்கவைத்து, அங்கேயே ஸ்கேன் எடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் மேசையை நகர்த்திய பிறகே மெஷினை ஓடவிடுவோம். மேல்வயிற்றுக் கணுவாக இருந்தால் சிறுகுடலின் முதல் பகுதி அதை உரசிக்கொண்டு கிடக்கும். அதனால் வெறும்வயிற்றோடு வரச் சொல்வோம். "ஒரு டீதானே தம்பி குடிச்சேன்" என்று வந்து நிற்கும் அம்மாக்களை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்ததும் உண்டு.

இந்த இரண்டாம் சுற்றுக்கு டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, முன்பு எங்கே, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான். பலரிடம் பதில் இருக்காது. மஞ்சப்பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டெல்லாம் பத்திரமாக இருக்கும், கதிர்வீச்சு விவரம் மட்டும் இருக்காது. முதல் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் மெஷின் மாறியிருக்கும், கம்ப்யூட்டரும் மாறியிருக்கும். கணக்குத் தெரியாமல் யாரும் துணிந்து கை வைக்கமாட்டார்கள், வைக்கவும் கூடாது.

சிகிச்சை முடிகிற அன்றே மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தடவை, எந்தத் தேதிகளில், உடம்பில் எங்கிருந்து எதுவரை, உள்கதிர்வீச்சு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுப்பதை எல்லா மையங்களும் கட்டாயமாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் போட்ட கதிர்வீச்சுத் திட்டத்தை சிடி தட்டில் பதிந்து கொடுத்தால் இன்னும் நல்லது. கொடுக்காத இடத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வலி இல்லையே என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் நோய் திரும்புவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். ஒரு கால் மட்டும் வீங்குவது, விடாத முதுகுவலி, கழுத்தின் இடப்பக்கம் காறை எலும்புக்கு மேல் ஒரு கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சு டெக்னீஷியன்,
தஞ்சாவூர்.