எலிக்கு பிட்யூட்டரியை எடுத்ததை ஏன் சொல்லல?

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனைக் குடுத்தா ஓவரி (சினைப்பை) வளரும், எலியிலயே நிரூபிச்சாச்சுன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு அதைக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு வந்து, அத்தை எனக்கு ஸ்கேன்ல ஓவரி சின்னதா இருக்குன்னாங்க, இந்த மாத்திரையை மெடிக்கல்ல வாங்கிப் போடவான்னு கேக்குது. பக்குனு ஆயிடுச்சு எனக்கு.

செய்தி பொய்யில்ல, ஆனா பாதியை விட்டுட்டீங்க. 1940-ல வில்லியம்ஸ், பென்சார்ஸ்னு ரெண்டு பேர் தனித்தனியா பண்ணின சோதனையிலயே இது தெரிஞ்சுபோச்சு. வயசுக்கு வராத எலிக்கு மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியையே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க, எடுத்ததும் அதுலருந்து ஓவரியைத் தூண்டுற எஃப்எஸ்ஹெச்ங்கிற ஹார்மோன் வர்றது நின்னு ஓவரி சுருங்கிடும், அப்புறம் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டா முட்டையைச் சுத்தியிருக்கிற கிரானுலோசா செல் பெருகி ஓவரி எடை கூடும். அங்கயும் முட்டை முழுசா முத்தி வெளிய வராது, அதுக்கு எஃப்எஸ்ஹெச்சும், எல்ஹெச்ங்கிற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனும் வேணும்.

பிட்யூட்டரி இருக்கிற முழு எலிக்கு அதே ஈஸ்ட்ரோஜனை தினமும் நிறைய குடுத்துப் பாருங்க, நேர்மாறா நடக்கும். ரத்தத்துல ஹார்மோன் கூடிப்போச்சுன்னு பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சைக் குறைச்சிடும், ஓவரி சின்னதாயிடும். கருத்தடை மாத்திரை முட்டையை வரவிடாமத் தடுக்கிறதுல இதுக்கும் பங்கு இருக்கு. அந்தப் பொண்ணு தானா வாங்கிப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்!

படத்துல வேற கர்ப்பப்பையைப் போட்டிருந்தீங்க. ஈஸ்ட்ரோஜன் போட்டா குட்டி எலிக்கு மூணே நாள்ல கர்ப்பப்பை வீங்கும், அதை வச்சே ஒரு பொருளுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கான்னு லேப்ல டெஸ்ட் பண்றாங்க. அது வேற, ஓவரி வேற.

எந்த வயசுல குடுக்கிறோம்ங்கறதும் முக்கியம். பிறந்த சுண்டெலிக் குட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் போட்டா வளர்ந்தப்புறம் ஒரே ஃபாலிக்கிள்ல, அதாவது முட்டை வளர்ற சின்னப் பையில, ரெண்டு மூணு முட்டை இருக்கிறதைப் பாத்திருக்காங்க. மனுஷங்கள்லயும் பட்டாச்சு, கர்ப்பிணிகளுக்கு டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால்னு ஒரு செயற்கை ஈஸ்ட்ரோஜன் வருஷக்கணக்கா எழுதிக் குடுத்தாங்க, அவங்க பெத்த பொண்ணுங்கள்ல சிலருக்கு அபூர்வமான பிறப்புறுப்பு கேன்சர் வந்ததை 1971-ல அமெரிக்க டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, அதே அளவுல, அந்த எலிக்கு பிட்யூட்டரி கிடையாதுங்கிற விஷயத்தையும் டாக்டரைக் கேக்காம ஹார்மோன் மாத்திரை போடாதீங்கன்னும் போடுங்க. இந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து கேட்டுச்சு, கேக்காம நேரா மெடிக்கலுக்குப் போனவங்க எத்தனை பேரோ.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தேனி