வான்படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் உளவு வான்படங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஆவணப்படக் குழுவினருக்கும்,

வணக்கம். ஜெர்மனியின் ராக்கெட் சோதனைத் தளமான பீனமுண்டேயின் படத்தைச் சுவரளவு பெரிதாக்கி, ராக்கெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு மாட்டுகிறீர்கள். பார்ப்பவருக்கு அது கண்ணில் பட்டதும் புரிகிற படமாகிவிடுகிறது. ஆனால் இங்கிலாந்தின் மெட்மெனமில், வான்படங்களை ஆராயும் மையமாக இருந்த மாளிகையில் வேலை செய்த படவாசிப்பாளர்கள் ஒற்றைப் படத்தை வாசிக்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்று பகுதி படியும்படி அடுத்தடுத்து எடுத்த இரு படங்களின் ஜோடியை வாசித்தார்கள்.

1939 நவம்பர் 18 அன்று மாரிஸ் லாங்பாட்டம் முதன்முதலாக ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் உளவுப்படம் எடுக்கப் பறந்தபோது, இறக்கைகளில் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் கேமராக்கள் இருந்தன. பிரிட்டிஷ் உளவுப்படப் பிரிவு நெடுநாள் பயன்படுத்திய எஃப்24 கேமராவில் நெகட்டிவ் 5 அங்குலச் சதுரம். ஒரு மகசினுக்கு, அதாவது ஃபிலிம் பெட்டிக்கு, 125 படங்கள். 20 அங்குலக் குவியத்தூர லென்ஸுடன் 30,000 அடி உயரத்தில் எடுத்தால் அளவுத்திட்டம் 1:18,000. ஒரு படத்தில் 7,500 அடி நிலம் அடங்கும். அடுத்த படம் இதன்மேல் 60 விழுக்காடு படிய வேண்டும் என்பதால் 3,000 அடிக்கு ஒரு படம். மணிக்கு 350 மைல் வேகத்தில் ஏறக்குறைய 6 நொடிக்கு ஒன்று. இடைவெளி கூடினால் ஜோடி அறுந்துபோகும். குறைந்தால் இலக்கின் மறுகோடியை எட்டும் முன்பே ஃபிலிம் தீர்ந்துவிடும். விமானம் சாய்ந்தாலும், லென்ஸில் பனி படிந்தாலும் போன பயணம் வீண்.

அந்த ஜோடியை, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டிக் காட்சியைப் புடைத்தெழச் செய்யும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கண்ணாடிக்கு அடியில் வைத்தால்தான் கட்டடம் எழும், குழி தாழும். இடது வலது மாறினால் எல்லாமே தலைகீழ். ஆகவே ஜோடியாக வையுங்கள், கண்ணாடியோடு வையுங்கள்.

வரைபடம்போல வடக்கை மேலே வைத்து மாட்டுவதையும் நிறுத்துங்கள். ஐரோப்பாவில் வெயில் தெற்கிலிருந்து வருவதால், அப்படி மாட்டினால் நிழல் பார்ப்பவரை விட்டு விலகி விழும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எண்ணிப் பழகிய கண்ணுக்குக் குண்டுக் குழிகள் மேடுகளாகத் தெரியும். நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தைத் திருப்புவதே வாசிப்பாளர் வழக்கம்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது ஓரத்தை வெட்டுவதுதான். பயண எண், நாள், நேரம், லென்ஸ், உயரம் எல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் உள்ளன. அதில் 'எஃப் 20' என்றிருப்பதை லென்ஸ் திறப்பு என்று விளக்கப் பலகையில் எழுதிவிடாதீர்கள். அது 20 அங்குலக் குவியத்தூரம். அதையும் உயரத்தையும் வைத்தே அளவுத்திட்டம் கணக்கிட முடியும். நாளும் நேரமும் தெரிந்தால்தான் சூரியன் நின்ற கோணம் தெரிந்து, நிழலிலிருந்து பொருளின் உயரம் காண முடியும்: மேலே சொன்ன அளவுத்திட்டத்தில் 1 மில்லிமீட்டர் நிழல் என்றால் தரையில் 18 மீட்டர், சூரியன் 38 பாகையில் இருந்தால் அந்தப் பொருள் சுமார் 14 மீட்டர் உயரம்.

1943 நவம்பர் 28 அன்று ஜான் மெரிஃபீல்ட் மாஸ்கிட்டோ விமானத்தில் எடுத்துவந்த படத்தில், ஏவுசரிவின்மேல் நின்ற வி-1 என்ற ஜெர்மானியப் பறக்கும் குண்டைப் படவாசிப்பாளர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் கண்டறிந்தார். அதன் இறக்கை அகலம் சுமார் 5.3 மீட்டர். 1:18,000இல் அது 0.3 மில்லிமீட்டர். அந்தப் படத்தையாவது நெகட்டிவ் அளவிலேயே, ஓரத்தோடு அச்சிட்டு, வட்டம் போடாமல், பக்கத்தில் ஓர் உருப்பெருக்கியுடன் வையுங்கள்.

இப்படிக்கு,
வான்பட வாசிப்பில் ஈடுபாடுள்ளோர்