உங்க அண்ணனுக்காக ஜெபிக்கிறது பத்தி

மச்சான்,

மெயில் பார்த்தேன்டா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பொண்ணு என்னைவிட உயரமாயிட்டா, எனக்குத்தான் முடி போயிட்டே இருக்கு. சரி அது கிடக்கட்டும், உங்க அண்ணனோட நடக்கிற சொத்து மனஸ்தாபம், அவருக்காக ஜெபிக்கிறது, அந்த விஷயத்துக்கு வரேன்.

"கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் போய் கேட்டாத்தான் அண்ணனுக்கு செய்வாரா"ன்னு எழுதியிருக்க. நியாயமான கேள்விதான், இதுக்கு முழு பதில் யாருகிட்டயும் இருக்கும்னு தோணல. ஆனா பைபிள்ல ஆதியாகமம் 18 எடுத்து நிதானமா படி. சோதோம் ஊரை அழிக்கப்போற விஷயத்தை ஆபிரகாமுக்கு மறைப்பேனோன்னு கர்த்தரே பேச்சை ஆரம்பிக்கிறார், அப்புறம் ஆபிரகாம் அங்க 50 நீதிமான் இருந்தா விட்டுருவீங்களா, 45ன்னா, 40ன்னான்னு 10 வரைக்கும் இறங்கி பேரம் பேசுறாரு, ஒரு இடத்துலகூட "போதும் நிறுத்து"ன்னு கர்த்தர் சொல்லல. கடைசியில ஊர் அழிஞ்சுதான் போச்சு. ஆனா 19:29ல பாரு, தேவன் ஆபிரகாமை நினைச்சு, அந்த ஊர்ல இருந்த அவரோட சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பினார்னு இருக்கு. இத்தனைக்கும் அந்தப் பேரம் முழுக்க அவரு லோத்து பேரை எடுக்கவே இல்லடா! கேட்டது ஒண்ணு, ஆனா மனசுக்குள்ள கிடந்ததுக்கு பதில் வந்துருச்சு. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதனால ஜெபத்துல திட்டம் போட்டுக் கொடுக்காத. அண்ணன் வந்து மன்னிப்பு கேட்கணும், சொத்தை சரியா பிரிக்கணும்னு ஜெபிச்சா அது உன் கேஸுக்கு வக்கீல் வெச்சுக்கிற மாதிரிதான், அதுல அண்ணன் எங்க இருக்காரு? லூக்கா 22ல தன் சீஷன் பேதுரு தன்னைத் தெரியாதுன்னு மறுதலிக்கப் போறது தெரிஞ்சே இயேசு அவன்கிட்ட பேசுறாரு, சோதனையே வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்னு சொல்லல, உன் விசுவாசம் ஒழிஞ்சு போகாதபடிக்கு வேண்டிக்கிட்டேன்னுதான் சொல்றாரு. அண்ணனுக்கு இப்ப என்ன தேவை, தூக்கம் வருதா, கடன் நெருக்குதா, அதைக் கேளு.

வார்த்தை வரலன்னா விடு. மாற்கு 2ல நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுகிட்ட தூக்கிட்டு வந்த நாலு பேரு ஏதாவது கேட்டதா எழுதியே இல்ல, கூரையைப் பிரிச்சு இறக்கிவிட்டாங்க அவ்ளோதான், இயேசு "அவங்க விசுவாசத்தை" பார்த்தாருன்னு இருக்கு, படுத்திருந்தவனோடதை மட்டும்னு இல்ல.

ஜெபம் நோயாளிகளுக்கு உதவுதான்னு பார்த்த, நீ அனுப்பின அந்த 2006 ஆராய்ச்சியும் படிச்சேன். பைபாஸ் ஆபரேஷன் பண்ணின 1,802 பேரு, ஜெபத்தால சிக்கல் ஒண்ணும் குறையல, தங்களுக்காக ஜெபம் நடக்குதுன்னு உறுதியா தெரிஞ்சவங்கள்ல 59% பேருக்கு சிக்கல் வந்துச்சு, உறுதியா தெரியாம ஜெபிக்கப்பட்டவங்கள்ல 52% பேருக்கு. எனக்கு அதிர்ச்சியா இல்ல. முன்பின் பார்க்காத ஆளோட பேரையும் இனிஷியலையும் கையில கொடுத்து, சொல்லவேண்டிய வாக்கியத்தையும் கொடுத்து பண்ண வெச்சது அது. உங்க அண்ணனை நீ சின்ன வயசுலேருந்து சுமந்துட்டு திரியிற, அதை எந்த அளவுகோல்ல வெப்பாங்க?

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இதை சர்ச் வாட்ஸப் குரூப்ல ஜெபக்குறிப்புன்னு போட்டுடாத. நல்ல மனசோட ஜெபிக்கிறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா "என்னாச்சாம், எவ்ளோ சொத்தாம்"னு விசாரிக்கிறதுக்கே ஜெபக்குறிப்பு கேட்கிறவங்களும் இருக்காங்க. நம்பிக்கையான ரெண்டு பேரு போதும். நான் ஒருத்தன் இருக்கேன்.

யோபு 42:10 உனக்கே தெரியும், எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபு, தன்னைக் குத்திக் குத்திப் பேசின சிநேகிதங்களுக்காக வேண்டினப்போதான் அவரு நிலைமை மாறுச்சுன்னு பிரசங்கத்துல அடிக்கடி சொல்வாங்க. அதை ஃபார்முலா ஆக்கிடாத, அண்ணனுக்காக ஜெபிச்சா என் பங்கு வந்துரும்னு. யோபு அந்த கணக்குல வேண்டின மாதிரி அங்க எதுவும் இல்ல.

எங்க அம்மாவுக்காகவும் கேளுடா. முட்டி ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும், ரொம்ப பயப்படுறாங்க. அந்த பயத்துக்காக கேளு, முட்டியை டாக்டர் பார்த்துப்பாரு.

அண்ணன் போன் பண்ணாருன்னா எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.