நியோகிளாசிக்கல் பாடத்தை ஜன்னலைத் திறந்து வைத்து எடுங்கள்: கலை வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் படித்து முடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. நியோகிளாசிக்கல், அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட ஐரோப்பியப் பாணி, எங்களுக்கு இரண்டே வகுப்பில் முடிந்தது. ஜன்னலை எல்லாம் சாத்தி, புரொஜெக்டரைப் போட்டு, முதலில் ஜாக்-லூயி டாவிட் வரைந்த ஹொரேஷியஸ் சகோதரர்களின் சபதம், அப்புறம் குளியல் தொட்டியில் செத்துக் கிடக்கும் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாரா, அப்புறம் கனோவாவின் க்யூபிட்டும் சைக்கியும், கடைசியில் பாரிஸ் பாந்தியோன். 1784, 1793 என்று வருடங்களைக் குறித்துக்கொண்டோம். பரீட்சையில் அதைத்தான் கேட்டார்கள், அதைத்தான் எழுதினோம், நல்ல மார்க்கும் வந்தது. ஆனால் அந்தக் கலை எனக்குள் எங்கேயும் ஒட்டவில்லை. அது வேறு ஒரு கண்டத்துக்காரர்களின் விவகாரம், நமக்கு ஸ்லைடில் பார்ப்பதோடு சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தேன். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது, ரயில் சாயங்காலம்தான். பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து, சிவகங்கைக் குளத்துப் பக்கம் இருக்கும் பழைய சர்ச்சுக்குள் நிழலுக்காக நுழைந்தேன். உள்ளே சுவரில் வெள்ளைப் பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம். கட்டிலில் ஒரு முதியவர், உயிர் போகும் நேரம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகையும் நகையுமாக ஒரு ராஜா. கட்டில் பக்கத்தில் பள்ளிச் சிறுவர்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று வெகு நேரம் நின்றேன். எங்கே பார்த்தேன் என்பது ரயிலில் வரும்போதுதான் பிடிபட்டது. டாவிட் 1787ல் வரைந்த சாக்ரடீஸின் மரணம். கட்டிலில் சாகப்போகும் ஆசான், சுற்றிச் சீடர்கள், எல்லோரும் ஒரே கோட்டில் வரிசையாக, பின்னால் வெறும் சுவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சிற்பத்தைச் செதுக்கியவர் ஜான் பிளாக்ஸ்மன். இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் பீங்கான்களுக்கு உருவம் வரைந்துகொடுத்தவர், 1787லிருந்து 1794 வரை ரோமில் இருந்தவர், ஹோமரின் காவியங்களுக்கு அவர் போட்ட கோட்டோவியங்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின, லண்டன் ராயல் அகாடமியின் முதல் சிற்பப் பேராசிரியரும் அவர்தான். எங்கள் பாடப்புத்தகத்திலும் அவருக்கு ஒரு வரி இருந்தது. அவர் செய்த மூலச் சிற்பம் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது என்ற வரி இல்லை. எங்கள் ஆசிரியரும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் சங்கிலி இப்படியே போகக் கூடாது என்பதற்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்த ராஜா இரண்டாம் சரபோஜி. கட்டிலில் இருப்பவர் 1798 பிப்ரவரியில் இறந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், சரபோஜியின் சிறுவயதிலிருந்து அவருக்குக் காப்பாளரும் ஆசானுமாக இருந்தவர். அதே வருடம்தான் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். மறு வருடமே, 1799ல், ஒப்பந்தம் போட்டு ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது, கோட்டைக்குள் மட்டும் ராஜா என்ற நிலை. இப்படி நாட்டை இழந்த ஒருவர், தன் ஆசானுக்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று லண்டனின் மிகப் பெரிய சிற்பிகளில் ஒருவருக்குச் சொல்லி அனுப்புகிறார். ஆசானின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் செய்யுளும் தானே எழுதுகிறார். பிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சொல்லக் கேட்டும் படம் பார்த்தும்தான் ஒரு மராட்டிய அரசரையும் தஞ்சாவூர்ச் சிறுவர்களையும் கிரேக்கப் புடைப்புச் சிற்பத்தின் இலக்கணத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அது எங்கே நன்றாகப் பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்று நேரில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்கிறது?

தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜியின் பளிங்குச் சிலையும் இருக்கிறது, கைகூப்பி நிற்கிறார். அதுவும் பிளாக்ஸ்மன் செய்ததுதான். ஐரோப்பாவில் அந்தக் காலத்து வீரனுக்கு ரோமானிய அங்கி போர்த்தினார்கள், இல்லையென்றால் துணியே இல்லாமல் நிற்க வைத்தார்கள். இங்கே அது நடக்காது. அவர் தன் சொந்த உடையிலும் அந்தக் கூம்புத் தொப்பியிலும் நம்மைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஆன் டேமர் என்ற பெண் சிற்பி தன் கையாலேயே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் மார்பளவுச் சிலையைச் செய்து தஞ்சாவூர் ராஜாவுக்கு அனுப்பினார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அந்தக் காலத்தில் உளி பிடித்த பெண்கள் எத்தனை பேர்? வகுப்பில் பாதிப் பேர் பெண்கள், அவர்களுக்கு இந்தப் பெயர் தெரிய வேண்டாமா?

சரி, சென்னைக்கு வருவோம். பெரியமேடு பக்கம் இருக்கும் கவின்கலைக் கல்லூரியிலிருந்து கோட்டை எவ்வளவு தூரம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் 1800 வாக்கில் செய்த, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை இருக்கிறது. எல்லோரும் மேலே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் மாணவர்களைப் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 1792ல் திப்பு சுல்தானின் இரண்டு சின்னப் பையன்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அமைதியான முகங்கள், அளவான அசைவு, பழைய ரோமானியக் கல்லில் இருப்பது போன்ற ஒழுங்கு. பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போன ஒரு நிகழ்ச்சி, பார்ப்பவருக்குப் பெரிய மனிதரின் கருணையாகத் தெரியும்படி செய்யப்பட்டிருக்கிறது. அந்த வேலைக்கு இந்தப் பாணி எவ்வளவு தோதாக இருந்தது என்பதை அந்தப் பீடத்துக்கு முன்னால் நின்றுதான் புரிந்துகொள்ள முடியும். பாரிஸில் டாவிட் புரட்சிக்காக வரைந்த அதே காலத்தில், அதே இலக்கணம் சென்னையில் கம்பெனியின் வெற்றியைக் கொண்டாடியது. பரீட்சைக்கு இதைக் கேளுங்கள். மாணவர்கள் மூன்று பக்கம் எழுதுவார்கள்.

தீவுத்திடல் பக்கம், மெட்ராஸ் கவர்னராக இருந்த மன்றோ குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிலை. அதைக் கடந்து போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார், சிற்பி அங்கவடி, அதாவது குதிரையில் கால் வைக்கும் வளையம், வைக்க மறந்துவிட்டார் என்று. நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். 1839ல் நிறுத்தப்பட்ட அந்தச் சிலையைச் செய்த பிரான்சிஸ் சாண்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜையும் அங்கவடி இல்லாமல்தான் குதிரையில் உட்கார வைத்திருக்கிறார். ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் உள்ள வெலிங்டனையும் அப்படியே. மூன்று முறையும் ஒரு மனிதர் மறப்பாரா? பழைய கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் அங்கவடியே கிடையாது, ரோமில் இருக்கும் மார்கஸ் அரேலியஸின் வெண்கலக் குதிரையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் உட்காரும் முறையைத்தான் சாண்ட்ரி எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நியோகிளாசிக்கல் என்றால் என்ன என்பதை ஒரு பஸ் ஜன்னலிலிருந்தே விளக்கக்கூடிய இடம் இது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி கட்டிடங்கள். 1780ல் சென்னைக்கு வந்து இறங்கிய வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலேய ஓவியர், நீண்ட தூண் வரிசைகளும் தட்டை மாடிகளுமாக இந்த ஊர் அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம் போல இருக்கிறது என்று எழுதிவைத்தார். ஆனால் அந்தத் தூண்களில் கிரேக்கத்தில் உள்ளது போல் பளிங்கு இல்லை. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, வெண்ணெய் போல அரைத்து, அடிப்பூச்சுக்கு வெல்லத் தண்ணீர் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் கலந்து பூசுவார்கள். பூசிவிட்டு விடுவதில்லை. வழவழப்பான கல்லை எடுத்து மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும், அந்த ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். முடிவில் கண்ணாடி மாதிரி பளபளப்பு, தொட்டால் பளிங்கின் குளிர்ச்சி. மெட்ராஸ் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரர்கள் வியந்து பேசியது இதைத்தான். ஏதென்ஸின் தூணை ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அளந்து 1762 முதல் அச்சிட்டார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தத் தூணை இங்கே பளிங்காக்கிக் காட்டியது நம் ஊர்க் கொத்தனார்களின் உள்ளங்கை. ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

ராஜாஜி மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரிலும் 2018 ஆகஸ்டிலும் தமிழ்நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த படிக்கட்டு அது. ஜெயலலிதாவையும் கலைஞரையும் கிடத்தியிருந்த இடத்துக்குப் பின்னால் நின்ற தூண்கள் ஒரு கிரேக்கக் கோவிலின் தூண்கள் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? 1802ல் அதைக் கட்டி முடித்தவர் ஜான் கோல்டிங்ஹாம், மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் வானியலாளர். பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் கம்பெனி ஜெயித்ததைக் கொண்டாடக் கட்டிய விருந்து மண்டபம். இன்று அது நாம் நம் தலைவர்களுக்காக அழுத இடம். ஒரு கட்டிடத்துக்கு இதைவிடப் பெரிய மாற்றம் நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாரிமுனைப் பக்கம் பச்சையப்பன் மண்டபம் இருக்கிறது. 1850ல் திறந்தார்கள். ஏதென்ஸில் அன்றைக்குத் தீசியஸ் கோவில் என்று அழைத்த கட்டிடம்தான் அதற்கு மாதிரி, இப்போது அதை ஹெஃபைஸ்டஸ் கோவில் என்கிறார்கள். கட்டியது பச்சையப்ப முதலியார் விட்டுப்போன அறக்கட்டளைப் பணத்தில், நம் பிள்ளைகள் படிப்பதற்காக. காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரின் தர்மம் கிரேக்கக் கோவில் வடிவத்தில் கடைத்தெருவில் நிற்கிறது. நான் அங்கே போனால், எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். எழும்பூரில் 1821ல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற சர்ச்சைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம், மண் இளக்கமாக இருந்ததால் கிணறுகளை இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார் அதைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்ட். இங்கே அதற்கு இடமில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பாடத்திட்டத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, செமஸ்டர் ஓடிவிடுகிறது, நாற்பது பேரை வெளியே கூட்டிப்போக ஒரு அனுமதிக் கடிதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓவியத்துக்கு நமக்கு வேறு வழியும் இல்லை, டாவிட் பாரிஸ் லூவ்ர் போன்ற வெளிநாட்டு அருங்காட்சியகங்களில்தான் இருக்கிறார், அதற்கு ஸ்லைடு வேண்டும்தான். ஆனால் சிற்பத்துக்கும் கட்டிடத்துக்கும் எதற்கு ஸ்லைடு? கும்பகோணம் கல்லூரியிலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். பளிங்கின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒரு மடிப்பு எப்படி எழுந்து நிற்கிறது என்பதை எந்தப் புரொஜெக்டரும் காட்டாது. கையில் பென்சிலும் நோட்டும் கொடுத்துத் தரையில் உட்கார வையுங்கள். ஃபோனை எடுத்து கிளிக் செய்துவிட்டுக் கிளம்ப விடாதீர்கள். ராஜாவின் அந்த ஒரு கையை மட்டும் ஒரு மணி நேரம் வரையட்டும்.

அடுத்த வருடம் இந்தப் பாடம் வரும்போது ஒரே ஒரு வகுப்பை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. தஞ்சாவூர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சர்ச்சில் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்டு வைப்பது முதல் மாணவர்களோடு உட்கார்ந்து வரைவது வரை கூட இருக்க நான் தயார். எனக்கும் அந்தக் கையை இன்னொரு முறை வரைய வேண்டும்.